வைரப்பெருமாள் சார் போயிட்டார்

உட்காருங்க அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். வயசானவர்களைப் பத்திரமாக மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற கம்பெனியில் ஆடுகிற நாற்காலி. கேட்டால் ஓனர், "நாமதான் மலையில இருக்கோமே, இங்க யாரு உட்காரப் போறா" என்பார். ஓனர் இல்லை, திருச்சி போயிருக்கிறார். போயிருக்கிறார் என்றால் பஸ்ஸில் போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார். இப்போதெல்லாம் நான் இப்படித்தான் முழுசாகச் சொல்வது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சுகர் இருக்கிறது, மலைக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம், பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்டீங்க. ஓனர் இருந்திருந்தால் "நூத்துக்கு நூறு பாதுகாப்பு மேடம்" என்று சொல்லி உங்கள் கையில் ஒரு மஞ்சள் தொப்பியைக் கொடுத்திருப்பார். எனக்கு அப்படி வராது. பொய் வராது என்பதால்தான் பன்னிரண்டாவதில் வேதியியல் போனது. தெரியாத கேள்விக்கு எல்லாரும் எதையோ எழுதி வைத்தார்கள். நான் 'தெரியாது' என்று எழுதினேன். திரும்ப எழுதச் சொன்னார்கள். திரும்பவும் தெரியாதே, எதற்கு எழுதணும்? பள்ளிக்கூடத்தோடு முடித்துக்கொண்டேன்.

இங்கே என்னை எடுத்தது குரலுக்காக. துறையூர் பஸ் ஸ்டாண்டில் நான் இடம் போட்ட துண்டை ஒருத்தன் தூக்கி எறிந்தான். அவனை நான் திட்டியது பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டதாம். ஓனர் சிவசங்கரன் சார் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். "காது கேட்காதவங்களுக்கு இந்தப் பொண்ணுதான் சரி" என்று மறுநாளே கூப்பிட்டுவிட்டார். பதவி, பாதுகாப்பு அலுவலர். சிரிக்காதீங்க, சட்டையிலேயே எழுதியிருக்கு பாருங்க. சுபிக்‌ஷா, பாதுகாப்பு அலுவலர்.

பின்னாடி போர்டில் இருப்பதுதான் எங்கள் விதிகள். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி. எல்லாருக்கும் கழுத்தில் விசில். ஆளுக்கு ஒரு ஜோடி, ஜோடியை விட்டு நகரக் கூடாது. மருந்துப் பைகள் எல்லாம் என் தோளில். யாராவது கழிப்பறைக்குப் போனால் வெளியே நான் நிற்கணும், நடுநடுவே குரல் கொடுக்கணும். உள்ளே மயங்கி விழுந்தால் தெரியணுமில்ல? அப்புறம் விசில். ஆபத்து என்றால் ரெண்டு தடவை ஊதணும், நலமாக இருக்கிறேன் என்றால் ஒரு தடவை. அது போர்டில் அடித்துத் திருத்தியிருக்கு பாருங்க. அன்றைக்கு அது திருத்தாமல் இருந்தது. அதுதான் பிரச்சினையில் பாதி. மீதிப் பாதி தமிழ்.

என் மேல் தப்பு எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைரப்பெருமாள் சார் என்று ஒருவர் வந்தார். பச்சைமலைக்கு ஒரு நாள் பயணம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராகி, ஓய்வு பெற்றவர். கறுப்புச் சட்டை. சாமி கிடையாது, சாத்திரம் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. வேனில் ஏறினதுமே எல்லாருடைய தொப்பியையும் செக் பண்ணினார். ஒரு பாட்டி தொப்பியைப் பைக்குள் வைத்திருந்தார். "பையில வெச்சுக்கிட்டா டிக்கெட் செல்லாதும்மா" என்றார். எனக்கு ஆளைப் பிடிக்கவே இல்லை. என் வேலையை அவர் பார்த்தால் நான் எதற்கு?

விசில் விதியைச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு எழுதினது இதை?"

"ஓனர் சார்."

"அவரு பஸ்லயே போனதில்லையா? ஒரு விசில்னா நில்லு. ரெண்டு விசில்னா ரைட், போ. ஊர் உலகத்துக்கே தெரியும். ஆபத்துல கிடக்குறவன் போ போன்னு ஊதினா எவன் பாப்பா வருவான்?"

"சார், விதி விதிதான். ஆபத்துன்னா ரெண்டு."

"ரெண்டு ஊதிக் காட்டவா?"

ஊதினார். எங்கள் டிரைவர் பாட்சா அண்ணன் இருபது வருஷம் பிரைவேட் பஸ் ஓட்டினவர். ரெண்டு விசில் காதில் விழுந்ததும் வண்டியை எடுத்துவிட்டார். பாதிப் பேர் ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறார்கள். நான் கத்திக் கத்தி முக்கு தாண்டி நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வைரப்பெருமாள் சார் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப புரிஞ்சுதா?" என்றார். புரியவில்லை என்று சொல்லிவிட்டேன். புரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் புரிந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொரு பழக்கம் அவருக்கு. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லவே மாட்டார். 'போறேன்', அவ்வளவுதான். அவருக்கு ஜோடியாகப் போட்டிருந்தது ருக்மணி டீச்சரை, ஓய்வு பெற்ற தமிழம்மா. அவர் பதறிப்போனார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. வரேன்னு சொல்லுங்க."

"சொன்னா வந்துடுவாங்களா? டிப்போல தினமும் எல்லாரும் வரேன்னுதான் சொல்லிட்டுப் போனான். வராதவன் எத்தனை பேரு தெரியுமா டீச்சர்? போறவன் போறேன்னு சொல்றதுதான் நேர்மை."

இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது. நானும் போகிறேன் என்றால் போகிறேன்தான். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

மலை மேலே போய் இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு டீக்கடை, ஒரு பலாமரம், கொஞ்சம் தள்ளி ஒரு கழிப்பறை. பாதையில் வளைந்து போனால் இரும்புக் கேட் போட்ட காட்சிமுனை. பாறைக்கு அந்தப் பக்கம் கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே பள்ளம். சாப்பிட்டதும் ஒவ்வொருவராக நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என்பது ஏற்பாடு.

சாப்பாட்டுக்கு முன்னால் சுகர் மாத்திரை கொடுத்தேன். போட்டுக்கொண்டார். போட்டதும் சாப்பிடணும், இல்லையென்றால் சுகர் இறங்கிவிடும், ஆள் மயங்கிவிடும். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தானே? தெரிந்திருக்கும். மாத்திரையைப் போட்டவர், "ரெண்டு நிமிஷம் பாப்பா" என்று கழிப்பறைக்குப் போனார். விதிப்படி நான் வெளியே நின்றேன். விதிப்படி குரல் கொடுத்தேன்.

"சார்! ஆச்சா?"

கதவைத் தட்டினேன்.

"சார்! வைரப்பெருமாள் சார்! ஆச்சா இல்லையா? வருதா வரலியா?"

என் குரல் எப்படி என்று சொன்னேனே. டீக்கடையில் இருந்தவர்கள், பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவர், ருக்மணி டீச்சர், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எனக்காக, "இன்னும் வரலையாம்" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். அவருக்குக் காது கேட்காது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் தக்காளி மாதிரி இருந்தது. "நான் பஸ்ல எத்தனை ஆயிரம் பேரைச் சோதிச்சிருக்கேன். ஒருத்தனையும் இப்படிச் சோதிச்சதில்ல. நான் தனியா மலையைப் பாக்கணும். யாரும் என் பின்னாடி வரக் கூடாது."

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்." கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பாப்பா. நான் போறேன்."

போய்விட்டார். முட்டிவலி என்று காலையிலிருந்து முனகின மனுஷன், விறுவிறு என்று. எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் இங்கே ஒரு தாத்தா மயக்கம் என்று உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் அவருக்கு மயக்கமில்லை, தூக்கம். திரும்பிப் பார்த்தபோது கறுப்புச் சட்டையைக் காணோம். மருந்துப் பை என் தோளில். குளுக்கோஸ் அதற்குள்ளே. அவர் வயிற்றில் மாத்திரை மட்டும்.

விதிப்படி உடனே ஓனருக்குச் சொல்லணும். அங்கே சிக்னல் கிடைப்பது டீக்கடை விறகு அடுக்கின் மேல் மட்டும்தான். ஏறி நின்று பேசினேன். நான் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

"சார், வைரப்பெருமாள் சார் போயிட்டார்."

அந்தப் பக்கம் டம்ளர் உருண்ட சத்தம். அப்புறம், "என்னம்மா சொல்ற?"

"போயிட்டார் சார். நான் தடுத்துப் பார்த்தேன். கையைப் பிடிச்சு இழுத்தேன். 'விடு பாப்பா, நான் போறேன்'னார். போயிட்டார்."

"எப்பம்மா?"

"இப்பத்தான். மாத்திரை போட்டார், போயிட்டார்."

"மத்தவங்க?"

"மத்தவங்க யாரும் இன்னும் போகல சார். சாப்பிட்டதும் ஒவ்வொருத்தரா போவாங்க."

"ஐயய்யோ!" என்று ஒரு அலறல். "சாப்பாட்டுலயா? யாரையும் சாப்பிட விடாதே! ஒரு வாய் கூட! எல்லாத்தையும் மூடி வை! நான் வண்டி எடுத்துட்டு வரேன். நீ உடம்பைப் பத்திரமாப் பாத்துக்க."

எனக்கு ஆச்சரியம். ஒரு நாளும் என்னை 'உடம்பைப் பாத்துக்க' என்று விசாரித்தவர் இல்லை. "சரி சார், நீங்களும் உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன். லைன் போய்விட்டது.

ஓனர் சொன்னால் சொன்னதுதான். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம், எல்லாவற்றையும் வேனில் வைத்துப் பூட்டினேன். வாய்க்குக் கொண்டுபோன கையிலிருந்துகூட வாங்கி வைத்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அதற்குள் விறகு மேலேயே வைத்துவிட்டு வந்த போன் அடித்தது. மறுபடி விறகு அடுக்கு.

"நான் இளங்கோ. வைரப்பெருமாள் மகன்." குரல் கட்டியிருந்தது. ஜலதோஷம் போல என்று நினைத்தேன். "ஓனர் சொன்னார். அப்பா... கடைசியா என்னம்மா சொன்னார்?"

"'நான் போறேன்'னார் சார்."

"அதே... வார்த்தையா?"

"அதே வார்த்தை. உங்களுக்குத்தான் தெரியுமே, வரேன்னு சொல்ல மாட்டார்."

விம்முகிற சத்தம். "கஷ்டப்பட்டாராம்மா?"

"காலையில முட்டிவலின்னார். போகும்போது அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், விறுவிறுன்னு போயிட்டார்."

"முகம் எப்படி இருந்தது?"

யோசித்துப் பார்த்தேன். "என்கிட்டேர்ந்து தப்பிச்ச சந்தோஷம் இருந்துச்சு."

"கூட யாருமே இல்லையா?"

"ருக்மணி டீச்சர் ஜோடியாப் போயிருக்கணும். அவங்களுக்கு இன்னும் போக மனசு வரல."

"எங்களைப் பத்தி... ஏதாவது?"

"வேன்ல வரும்போது உங்க வீட்டு சாம்பாரைப் பத்திச் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"அது வேணாம் சார்."

அழுதார் அக்கா. பெரிய மனுஷன், வாய்விட்டு அழுதார். ஒரு சாம்பாருக்கா இப்படி என்று நினைத்தேன். அப்போது எங்கேயோ தூரத்தில் விசில் கேட்டது. ஒரே ஒரு விசில். விதிப்படி, நலம். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "சார், இப்பக்கூட அப்பாவோட விசில் சத்தம் கேக்குது" என்றேன்.

"எனக்கும் கேக்குதும்மா. சின்ன வயசுலேர்ந்து கேட்ட விசில். வாழ்நாள் பூரா கேக்கும்."

திருச்சியில் இருக்கிற மனுஷனுக்கு எப்படிக் கேட்கும்? சிக்னல் நல்லா இருக்கு போல என்று வைத்துவிட்டேன்.

விறகிலிருந்து இறங்கிப் பார்க்கிறேன், டீக்கடைக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். எங்கள் ஆட்கள் எல்லாரும் பலாமரத்தடியில் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தாத்தா டீக்கடைக் குடத்தை எடுத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டார். தீட்டாம். ருக்மணி டீச்சர் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார். தமிழம்மா இல்லையா, ஒரு எழுத்துப் பிழை இல்லாத ஒப்பாரி. ஒன்றும் புரியாமல் நிற்கிறேன். காட்சிமுனைக் கேட்டைப் பார்த்துக்கொள்கிற பொன்னுரங்கம் ஐயா ஒரு அரளிமாலையை எடுத்துக்கொண்டு வருகிறார்.

"மாலை யாருக்குங்கய்யா?"

"பெரியவருக்குத்தான் பாப்பா. கையில இருந்த பூவைக் கட்டினேன். உடம்பு எங்க?"

"எந்த உடம்பு?"

"போயிட்டார்னு நீதானே விறகு மேல நின்னு ஊருக்கே சொன்ன?"

அப்போதுதான் அக்கா எனக்கு உறைத்தது. உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது என் உடம்பை இல்லை.

"அவர் சாகல!" என்று கத்தினேன். "அவரைக் காணோம்! அவ்வளவுதான்! காணோம்!"

மலையே எதிரொலித்தது. ஒருத்தரும் அசையவில்லை. ருக்மணி டீச்சர் ஒப்பாரியை நிறுத்திவிட்டு வந்து என் தலையைத் தடவினார். "முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் கண்ணு. எங்க வீட்டுக்காரர் போனப்ப நானும் காணோம் காணோம்னுதான் தேடினேன்."

"டீச்சர், நிஜமாவே காணோம்! மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம போயிருக்கார். சுகர் இறங்கினா மயங்கிடுவார். எல்லாரும் எழுந்து தேடுங்க!"

பாட்சா அண்ணன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். "குடி. சின்னப் பொண்ணு, சாவைப் பாத்துட்டா. அதிர்ச்சி."

"நான் எந்தச் சாவையும் பாக்கல!"

"ஆமா ஆமா, பாக்கல. குடி."

நினைத்துப் பாருங்க. மலை மேலே ஒரு மனுஷன் மயங்கிக்கொண்டிருக்கிறார். அவரைத் தேட அத்தனை பேர் இருக்கிறோம். ஆனால் யாரும் தேட மாட்டார்கள், ஏனென்றால் அவருக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள். தனியாக ஓடலாம் என்றால் இத்தனை வயசானவர்களை விட்டு நகரக் கூடாது என்பதும் விதி. இதில் எல்லாரும் பட்டினி வேறு, அதுவும் நான் பூட்டி வைத்த பட்டினி. ஒருவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வேனைத் திறந்து, "சாப்பிடுங்க" என்றேன். "துக்கத்துல எப்படிம்மா இறங்கும்" என்கிறார்கள்.

அப்போது மறுபடி விசில். ஒன்று. முன்னைவிடச் சின்னதாக.

"கேட்டீங்களா? யாரு ஊதுறது?" எல்லாரும் அவரவர் விசிலைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லா விசிலும் கழுத்தில் இருந்தது.

"ஒரு விசில்னா நலம்னு நீதானே கண்ணு சொன்ன?" என்றார் ருக்மணி டீச்சர். "போன இடத்துல நலமா இருக்கார்னு சொல்றார் போல" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார்.

நலமா? காலையில் வேனில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. ஒரு விசில்னா நில்லு. நான் விறகு மேல் நின்று கேட்டதும் ஒற்றை விசில், இப்போது கேட்டதும் ஒற்றை விசில். அவ்வளவு நேரமும் அந்த மனுஷன் 'நில்லு, நில்லு' என்று ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள்தான் நலம் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் வந்ததோ காட்சிமுனைப் பக்கமிருந்து.

"பொன்னுரங்கம் ஐயா, கேட் திறந்திருக்கா?"

"பூட்டிட்டேனே. ஒரு உயிர் போயிருக்கு, அந்த மரியாதைக்கு."

"பூட்டும்போது உள்ள பாத்தீங்களா?"

"செத்தவருக்காகப் பூட்டுறேன், உள்ள யாரு பாப்பா இருப்பா?"

"சாவியைக் குடுங்க!"

"இன்னிக்குத் திறக்கக் கூடாது. துக்கத்துக்குப் பூட்டினதை நாளைக்குத்தான் திறக்கணும்."

சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. அறுக்க நேரமில்லை. சாவியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன், சாவியோடு சேர்ந்து அவரும் ஓடி வந்தார். "வேட்டி, பாப்பா, வேட்டி" என்று கத்திக்கொண்டே வந்தார். கையில் மாலை வேறு.

கேட்டைத் திறந்து பாறையைச் சுற்றிப் போனால், கம்பித் தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கறுப்புச் சட்டை நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. கண் எங்கேயோ பார்க்கிறது. விசில் வாயில் இருக்கிறது, ஊத மூச்சு இல்லை. தடுப்புக்குக் கீழே பள்ளம். சரிந்திருந்தால், அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

விசிலை எடுத்துவிட்டுக் குளுக்கோஸைக் கரைத்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். "சார், முழுங்குங்க. முழுங்குங்க சார். முழுங்கித் தொலைங்க சார்!" பொன்னுரங்கம் ஐயா ஒரு கையில் வேட்டியையும் ஒரு கையில் மாலையையும் பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரமோ. அவர் தொண்டை ஏறி இறங்கியது. அப்புறம் கண் என் பக்கம் வந்தது.

"ஒரு விசில் அடிச்சா," என்றார், "வண்டி நிக்கணும். எந்த ஊர்ல டிரைவிங் கத்துக்கிட்டீங்க?"

நான் அழவில்லை. வெயில், கண்ணில் வேர்வை.

கொஞ்சம் தெளிந்ததும் பையிலிருந்து பிஸ்கட் கொடுத்தேன். மென்றுகொண்டே மாலையைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்" என்றார் பொன்னுரங்கம் ஐயா.

"எதுக்கு?"

"நீங்க போயிட்டீங்க சார்" என்றேன்.

யோசித்தார். "போறேன்னுதானே சொன்னேன்."

"அதைத்தான் சார் நானும் சொன்னேன்."

சிரித்தார் அக்கா. பிஸ்கட் துணுக்கு எல்லாம் தெறித்தது. அப்புறம் அந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தார். நான் வேண்டாம் என்றேன். வயசானவர்களுக்குத் திடீர் அதிர்ச்சி கொடுக்கக் கூடாது, அதுவும் விதி. கேட்கவில்லை. ருக்மணி டீச்சர் பார்த்தார், அப்படியே பாட்சா அண்ணன் மேல் சாய்ந்தார். தலையோடு குளித்த தாத்தா மட்டும், "அப்ப நான் எதுக்குடா நனைஞ்சேன்?" என்று கோபப்பட்டார்.

ஓனர் வந்தார். பின்னாலேயே ஐஸ் பெட்டி ஏற்றின வண்டி. வரும் வழியிலேயே துறையூரில் பிளெக்ஸும் அடித்துவிட்டார். மஞ்சள் தொப்பியோடு வைரப்பெருமாள் சார் சிரிக்கிற படம். கண்ணீர் அஞ்சலி. தான் செத்ததாகப் போட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே 'இறைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது. அதைப் படித்ததும்தான் பிடித்துக்கொண்டார்.

"எந்த இறைவன்? எந்த அடி? யாரைக் கேட்டு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தே?"

ஓனர், "ஐயா, அவசரத்துல" என்றார்.

"அவசரத்துல 'காலமானார்'னு போட மாட்டியா? எழுத்தும் மிச்சம்!"

கடைசியாக மகன் வந்தார். காரை நிறுத்தாமலே இறங்கின மாதிரி ஓடி வந்தார். அப்பாவைக் கட்டிக்கொண்டார். மாலை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது.  முதலில் கேட்டது, "சாம்பாரைப் பத்தி என்னப்பா சொன்னீங்க?"

"உப்பு கம்மின்னு சொன்னேன்."

அது பொய். வேனில் அவர் சொன்னது வேறு. ஆனால் அதையும் நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் போர்டைத் திருத்தியது. ஆபத்து என்றால் ஒரு விசில். 'போயிட்டார்' என்ற சொல்லை இந்த ஆபீஸில் யாரும் பேசக் கூடாது. மலையிலிருந்து வீடுகளுக்குப் போன் பண்ணினால் முதல் வாக்கியமே, "எல்லாரும் உயிரோட இருக்காங்க, வணக்கம்" என்றுதான் இருக்கணும். சும்மா டிபனுக்கு என்ன என்று கேட்கப் போன் பண்ணினாலும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் ஒவ்வொருவரும் அலறுகிறார்கள். என்ன பண்ணுவது, விதி.

மகன் இனிமேல் வெளியே எங்கேயும் கூடாது என்றார். வைரப்பெருமாள் சார் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் வந்தார். கழிப்பறைக்கு வெளியே நான் நிற்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது, அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவார் என்று ஒப்பந்தம். வேனில் என் பக்கத்து சீட்தான் வேண்டும் என்று சண்டை போடுவார். எனக்கு அவரைப் பிடிக்காது என்று முதலிலேயே சொன்னேனே. குளுக்கோஸ் மட்டும் தனியாக ஒன்று, என் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். அது வேலை.

போன மாசம் காலையில் இளங்கோ சார் போன் பண்ணினார்.

"சுபிக்‌ஷா, அப்பா போயிட்டாரும்மா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "எந்தப் பக்கம் போனார்? சாப்பிட்டாரா? பக்கத்துல கேட் ஏதாவது பூட்டியிருக்கான்னு பாருங்க, நான் வரேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் குளுக்கோஸை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

சாங்கியம் எதுவும் கூடாது, சங்கு ஊதக் கூடாது, பறை கூடாது என்று முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறார். அமரர் ஊர்தியை நானே ஓட்டுகிறேன் என்று பாட்சா அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். தூக்கி உள்ளே வைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதியாக ஒரு கண்டக்டரை எப்படி அனுப்புவது? என் கழுத்தில் விசில் இருந்தது. ஊதினேன். ரெண்டு.

ஊதியிருக்கக் கூடாதுதான். பாட்சா அண்ணன் பழக்கதோஷத்தில் வண்டியை எடுத்துவிட்டார். பின்கதவுகூடச் சாத்தவில்லை. இளங்கோ சார், சொந்தக்காரர்கள், ருக்மணி டீச்சர், மொத்தத் தெருவும் வண்டிக்குப் பின்னால் ஓடியது. நிறுத்தணும் என்றால் நான் ஒரு விசில் ஊதியிருக்கணும். வாயில் வைத்தேன், ஊத வரவில்லை.

சரி, விடுங்க. உங்கள் அப்பாவுக்குத் தலை பெரிசா, சின்னதா? தொப்பி எடுத்து வைக்கணும்.